சங்கீத நாடக அகாதெமி: நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அதனால் என்ன வழி?

கண்டனூர் நாயனம் | வெள்ளி, இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். இந்தச் செட்டிநாட்டுக் குழுவில் வீடு, கோவில், பலகாரம் என்று நிறையப் பேர் எழுதுகிறீர்கள், எல்லாம் படிப்பேன். நான் எழுதுவது இதுதான் முதல் முறை. நான் நாதஸ்வரம் வாசிக்கிற மேளக்காரன். தாத்தா நாயனம், அப்பா நாயனம், நானும் நாயனம். என் மகனுக்கு வயது 13. என் அப்பாவிடம்தான் பாடம். காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் சாதகம் பண்ணாமல் சாப்பிட உட்கார மாட்டான்.

போன வைகாசியில் ஒரு நகரத்தார் வீட்டுக் கல்யாணம். தாலி கட்டும் திருப்பூட்டு முடிந்து பந்தி நடக்கும் நேரத்தில் அவனைக் கொஞ்சம் வாசிக்க விட்டேன். கல்யாணியை எடுத்து நிதானமாக வாசித்தான். முகப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து அவன் தலையில் கை வைத்து, "இவனைப் பற்றி டில்லிக்கு எழுதிப் போடுங்கள், சங்கீத நாடக அகாதெமி என்று ஒன்று இருக்கிறது, இசையை வளர்க்கத்தான் அது" என்று சொன்னார். விவரம் கேட்பதற்குள் கார் ஏறிவிட்டார்.

அது என்ன அமைப்பு, யாருக்கு உதவி செய்வார்கள், எப்படி எழுத வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வரும்படி பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இப்போது முகூர்த்தத்துக்கு மட்டும் எங்களைக் கூப்பிடுகிறார்கள், மாப்பிள்ளை அழைப்புக்குச் செண்டை மேளம் வந்துவிடுகிறது. முன்பு ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் வாசித்த இடத்தில் இப்போது இரண்டு மணி நேரம். மகனை இதிலேயே விடலாமா என்று வீட்டுக்காரி தினமும் கேட்கிறாள்.

தேவகோட்டை வாத்தியார் | வெள்ளி, இரவு 11.02

தம்பி, நான் ஓய்வு பெற்ற இசை ஆசிரியர். நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த அளவில் விவரமாகவே சொல்கிறேன். நம் ஊருக்கும் அந்த அகாதெமிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அது இங்கே பலருக்குத் தெரியாமல் போனது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இந்திய அரசின் கல்வி அமைச்சகம் 1952 மே 31 அன்று போட்ட தீர்மானத்தால் உண்டானது சங்கீத நாடக அகாதெமி. 1953 ஜனவரி 28 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அதைத் தொடங்கி வைத்தார். முதல் தலைவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த பி. வி. ராஜமன்னார். சாகித்திய அகாதெமியும் லலித் கலா அகாதெமியும் அதற்குப் பிறகு 1954-ல் வந்தவை. மூன்றும் இன்று டில்லியில் ரவீந்திர பவன் என்ற ஒரே கட்டடத்தில் இருக்கின்றன.

ஏன் அந்த நேரத்தில் அது தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள நாம் டில்லிக்குப் போக வேண்டாம், புதுக்கோட்டைக்குப் போனால் போதும். 1948-ல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அதுவரை அரண்மனைச் சம்பளத்தில் இருந்த வித்துவான்கள் எல்லாரும் என்ன ஆனார்கள்? நாடு முழுக்க இதே கதைதான். ராஜாக்கள் போனார்கள், ஜமீன்கள் போயின, பாட்டுக்குப் படியளந்த கை நின்றுவிட்டது. அந்தக் கடமை இனி அரசாங்கத்துடையது என்று எடுத்துக்கொண்டதன் விளைவுதான் அகாதெமி.

இப்போது நம் ஊர்ப் பெருமைக்கு வருகிறேன். அகாதெமி விருது கொடுக்கத் தொடங்கிய முதல் ஆண்டு 1952. அந்த ஆண்டில் கர்நாடக இசைக்கு இரண்டு விருதுகள். வாய்ப்பாட்டுக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். வாத்தியத்துக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர், வீணை. இரண்டு பேர் பெயருக்கு முன்னாலும் இருக்கிற ஊரைப் பாருங்கள்! காரைக்குடியிலிருந்து அரியக்குடி கூப்பிடு தூரம். இவ்வளவு பெரிய தென்னாட்டில் முதல் ஆண்டு இரண்டு விருதும் இந்தச் சின்ன வட்டாரத்தின் பெயரைத் தாங்கிய இருவருக்குப் போயின. 1954-ல் அகாதெமியின் மிக உயர்ந்த கௌரவமான ரத்ன சதஸ்ய தகுதியை முதன்முதலாகக் கொடுத்தபோது அலாவுதீன் கான், ஹஃபீஸ் அலி கான் ஆகியோரோடு இவர்கள் இருவரும் பட்டியலில் இருந்தார்கள்.

சாம்பசிவ ஐயரும் அவர் அண்ணன் சுப்பராம ஐயரும் சேர்ந்து வாசித்தவர்கள், காரைக்குடி சகோதரர்கள் என்று பெயர். ஏழு தலைமுறை வீணைக் குடும்பம், பூர்வீகம் புதுக்கோட்டைப் பக்கம். அண்ணன் வீணையை மடியில் கிடத்தாமல் நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார், தம்பி வழக்கம்போலக் கிடத்தி வாசிப்பார். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் மிருதங்கம் கூட இருக்கும். அண்ணன் போன பிறகும் தம்பி வாசித்தார், பின்னாளில் கலாக்ஷேத்திராவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1958-ல் காலமானார்.

உங்கள் மகன் விஷயத்தை நாளை எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

பள்ளத்தூர் வீணை | சனி, காலை 7.20

வாத்தியார் ஐயா, படித்ததும் உடம்பு சிலிர்த்தது. நான் ஆறு வருஷமாக வீணை கற்றுக்கொள்கிறேன், சாம்பசிவ ஐயர் பெயர் தெரியும், முதல் விருது என்பது இன்றுதான் தெரியும். காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் அவர் பெயரில் ஒரு பலகையாவது இருக்கக் கூடாதா?

நாயனம் அண்ணே, உங்கள் கேள்விக்கு ஐயாவுக்கு முன்னால் நான் முந்திக்கொள்கிறேன், மன்னிக்கவும். இதே குழப்பம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அகாதெமி விருது என்பது நெடுங்காலம் வாசித்துப் பெயர் எடுத்தவர்களுக்கு. தொகை 1 லட்சம், கூடவே தாமிரப் பட்டயம். இளைஞர்களுக்கு உஸ்தாத் பிஸ்மில்லா கான் பெயரில் யுவ புரஸ்கார் 2006-லிருந்து இருக்கிறது. 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, 25,000 ரூபாய். ஷெனாய் மேதையின் பெயரில் இருக்கும் விருதை நாளைக்கு ஒரு நாயனப் பிள்ளை வாங்கினால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! ஆனால் 13 வயதுக்கு அது இல்லை.

அவன் வயதுக்குச் சரியானது வேறொன்று. சிசிஆர்டி (கலாசார வளங்கள் மற்றும் பயிற்சி மையம்) என்று மத்திய கலாசார அமைச்சகத்தின் கீழே 1979-லிருந்து ஒரு மையம் இருக்கிறது. தலைமையகம் டில்லி, நமக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டல மையம் ஐதராபாத். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு அவர்கள் கலைத்திறன் உதவித்தொகை தருகிறார்கள். பரம்பரையாகக் கலை செய்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று அதில் தனி ஒதுக்கீடு உண்டு. அண்ணே, அந்த ஒதுக்கீடு உங்கள் வீட்டுக்காகவே வைத்தது போல இருக்கிறது. ஆனால் வயது 14 தாண்டினால் கதவு மூடிவிடும், அதனால் இந்த வருஷம் விட்டுவிடாதீர்கள். பிறகு 18 முதல் 25 வயதுவரை உள்ளவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் தருகிற இன்னொரு உதவித்தொகையும் இருக்கிறது. அது பிற்பாடு.

புதுவயல் ஆர்மோனியம் | சனி, காலை 9.05

நான் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவன். முப்பது வருஷமாக வள்ளி திருமணமும் பவளக்கொடியும் விடிய விடிய நடத்தியிருக்கிறோம். மேலே எழுதியதை எல்லாம் மதிப்போடு படித்தேன். ஆனால் என் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

அகாதெமியின் பெயரிலேயே நாடகம் இருக்கிறது. எங்கள் நாடகத்தில் பாட்டு இல்லாத ஐந்து நிமிஷம் கிடையாது. ராஜபார்ட் மேடைக்கு வந்ததும் பாடுகிற பாட்டில் இருக்கிற கரகரப்பிரியாவுக்கு எந்தச் சபா வித்துவானும் தலை ஆட்டுவார். ஆனால் சங்கீதம் என்றால் கச்சேரி, நாடகம் என்றால் நகரத்து மேடை என்று பிரித்துப் பார்க்கும்போது, இரண்டிலும் சேராமல் நாங்கள் நடுவில் நிற்கிறோம்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பழைய பாடல்களைப் பதிவு செய்ய உதவி கேட்டு ஒரு அலுவலகத்துக்கு எழுதிப் போட்டோம். எந்த அலுவலகம் என்று சொல்ல விரும்பவில்லை. நான்கு படிவம், மூன்று சான்று, இருபது வருஷத்து நோட்டீசுகளின் நகல். நோட்டீசுகளைத் தேடி எடுக்க மட்டும் மூன்று வாரம் ஆனது. பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் போட்டோம், அதற்கும் வரவில்லை. எங்களோடு பபூன் வேஷம் கட்டியவர் அதற்குள் இறந்துவிட்டார். அவர் வாயில் இருந்த பாட்டுகள் அவரோடு போய்விட்டன. எதைச் சொன்னாலும் அந்த இடத்தில் வந்து நிற்கிறது என் மனசு.

கானாடுகாத்தான் வடக்கு வீதி | சனி, காலை 11.30

ஆர்மோனியம் அண்ணன் சொன்னது நெஞ்சைத் தொட்டது. நான் ஒரு விஷயத்தை நினைவுபடுத்துகிறேன். டில்லியில் அகாதெமி வருவதற்கு ரொம்ப முன்னாலேயே நம் செட்டிநாடு தானாகவே இசைக்கு அமைப்புகளை உண்டாக்கியிருக்கிறது. எங்கள் ஊரைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார், 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரி மேடையில் இடமில்லை என்ற குறை கிளம்பியபோது அதற்காகப் பணமும் செல்வாக்கும் கொடுத்து நின்றவர் அவர். 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது. 1949-லிருந்து அங்கே பண் ஆராய்ச்சி மாநாடு நடத்துகிறார்கள். தேவாரப் பண்களுக்கு இன்றைய ராகம் எது என்று ஓதுவார்களும் வித்துவான்களும் உட்கார்ந்து பேசுகிற இடம் அது.

அதனால் என் கருத்து, டில்லியை எதிர்பார்த்துக் காத்திருக்காமல் இங்கே இருக்கிற வசதி உள்ளவர்கள் சேர்ந்து செய்ய வேண்டும். நகரத்தாருக்கு ஒன்பது நகரக் கோவில்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கோவிலிலும் நிலையான ஒரு நாயனம், தவில், ஓதுவார் என்று வைத்துக் காலமுறைச் சம்பளம் கொடுத்தாலே இங்கே இந்தக் கேள்விக்கே வேலை இல்லை.

தேவகோட்டை வாத்தியார் | சனி, மாலை 4.45

கானாடுகாத்தான் அன்பர் சொன்னதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். அரியக்குடியும் காரைக்குடிச் சகோதரர்களும் இங்கே தழைத்ததற்குக் காரணம் எந்த அமைப்பும் இல்லை, வீடுகள்தான். வளவில் (வீட்டின் உள் முற்றத்தில்) ஜமக்காளம் விரித்து ராத்திரி பத்து மணிக்கு மேல் கச்சேரி கேட்ட வீடுகள். அறுபதாம் வயதில் செய்யும் சாந்திக் கல்யாணம் என்றால் முதலில் வித்துவான் தேதி, அப்புறம்தான் சமையல்காரர் தேதி என்று என் தகப்பனார் சொல்வார். அந்த ரசிகர்கள் போன பிறகு வீடுகள் மட்டும் நிற்கின்றன.

ஆனால் வீடு செய்ய முடியாததை நாடு செய்யும். அதையும் பார்க்க வேண்டும். அகாதெமியில் ஒலி, ஒளி ஆவணக் காப்பகம் ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளாகப் பதிவு செய்த பாட்டும் ஆட்டமும் அங்கே இருக்கின்றன. இசைக்கருவிக் காட்சியகம் உண்டு, 1964-ல் வயலின் மேதை யெஹுதி மெனுஹின் திறந்து வைத்தது. கேரளத்துக் கூடியாட்டம் நம்மைப் போலவே ஒரு சில குடும்பங்களோடு சுருங்கிக் கிடந்த கலை. அதற்குத் திருவனந்தபுரத்தில் அகாதெமியே ஒரு மையம் வைத்து நடத்துகிறது. 2001-ல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. அசாமின் சத்ரியாவுக்குக் குவாஹாட்டியில், மணிப்புரி ஆட்டத்துக்கு இம்பாலில் என்று இப்படிப் பல இடங்களில் மையங்கள் உண்டு. தமிழ்நாட்டின் நாயனத்துக்கு அப்படி ஒரு மையம் கேட்டு நாம் ஏன் குரல் எழுப்பவில்லை? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு 1955-ல் விருது கொடுத்துக் கௌரவித்த அமைப்புதானே அது. கேட்டால் காது கொடுக்க மாட்டார்கள் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம்.

ஆர்மோனியம் தம்பி, நாட்டார் கலைகளுக்கும் தனி விருதுப் பிரிவு வைத்திருக்கிறார்கள். புரிசை கண்ணப்பத் தம்பிரான் தெருக்கூத்துக்காக அகாதெமி விருது பெற்றவர். உங்கள் கலைக்குக் கதவே இல்லை என்று எண்ண வேண்டாம். ஆனால் ஒன்று, அந்த விருதுக்கு நம் பெயரை நாமே எழுதிப் போடுவது முறை இல்லை. முன்பு விருது பெற்றவர்களும் கலை நிறுவனங்களும் பரிந்துரைப்பார்கள், அகாதெமியின் குழு முடிவு செய்யும். நம் பக்கத்திலிருந்து பரிந்துரைக்க ஆள் இல்லாமல் போனதுதான் குறை. பெயர் எடுத்தவர்கள் எல்லாரும் சென்னைக்குப் போய்விட்டார்கள். மிருதங்கம் காரைக்குடி மணிக்கு 1998-ம் ஆண்டு விருது கிடைத்தது, 2023 மே மாதம் அவரும் மறைந்துவிட்டார். ஊர்ப் பெயர் போகிற அளவுக்கு ஊருக்கு எதுவும் திரும்பி வரவில்லை.

நாயனம் தம்பிக்கு: மாநில அளவில் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது, கலைமாமணி கொடுக்கிறவர்கள். குன்றக்குடி வைத்தியநாதன் அதற்குச் செயலாளராக இருந்திருக்கிறார். இசைக்கருவி வாங்க உதவியும், நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவியும் அவர்கள் தருகிறார்கள். மாவட்டக் கலை மன்றம் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கலை இளமணி என்று விருது கொடுக்கிறது. மகனை முதலில் அங்கே கொண்டு நிறுத்துங்கள். பள்ளத்தூர்ப் பெண் சொன்ன உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடும்போது அது துணையாக இருக்கும்.

சிவகங்கை இசைப்பள்ளி மாணவன் | சனி, மாலை 6.10

நான் தவில் படிக்கிறேன். 17 மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளி உண்டு, எங்கள் சிவகங்கையிலும் இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு துறை, மூன்று வருஷப் படிப்பு. அண்ணன் மகனுக்குப் பள்ளிப் படிப்பு கெடாமல் இங்கே சேர வழி இருக்கிறதா என்று நேரில் வந்து விசாரியுங்கள். வீட்டுப் பாடம் ஒரு பக்கம் இருக்கட்டும், தவிலோடு சேர்ந்து வாசித்துப் பழக இங்கே ஒத்த வயதுப் பிள்ளைகள் கிடைப்பார்கள். நானே வாசிக்கிறேன், தம்பியை அனுப்புங்கள்.

ஆச்சி வீட்டுப் பேத்தி | ஞாயிறு, காலை 6.50

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். ஆர்மோனியம் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை.

எங்கள் ஆயா (பாட்டி) ஆத்தங்குடியில் இருக்கிறார், வயது 86. அவருக்குத் தெரிந்த தாலாட்டு எத்தனை என்று அவருக்கே கணக்கில்லை. ஒரே தாலாட்டில் அம்மான் கொண்டு வந்த சீர், பர்மாவிலிருந்து வந்த தேக்கு, கப்பல் ஏறிப் போன அப்பச்சி எல்லாம் வரும். முதல் பேரன் தொட்டிலுக்கு ஒரு மாதிரி, அடுத்த பிள்ளைக்கு வேறு மாதிரி. என் அம்மாவுக்கு அதில் கால்வாசி தெரியும். எனக்கு நான்கு வரி. என் மகளுக்கு ஒன்றும் இல்லை. பிள்ளையார் நோன்பில் இழை எடுக்கும் சடங்கின்போது ஆயா மெதுவாக முணுமுணுப்பார், அது பாட்டா மந்திரமா என்று கூட நான் கேட்டு வைக்கவில்லை.

இதுவும் இசைதானே? இதற்கு எந்த அகாதெமி? யாராவது வந்து பதிவு செய்வார்கள் என்றால் நான் டிக்கெட் எடுத்து வந்து நிற்கிறேன்.

கோட்டையூர் ஒலிப்பதிவு | ஞாயிறு, காலை 8.30

அக்கா, யாராவது வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். எங்கள் ஊர் ரோஜா முத்தையாவை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்காமலே பழைய புத்தகம், பத்திரிகை, பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ் என்று வீடு நிறையச் சேர்த்து வைத்த மனிதர். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கிக் காப்பாற்றியது. இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் நடக்கிறது. முதலில் ஒருவர் சேர்த்து வைத்ததால்தானே பிறகு பெரிய இடத்துக்கு அது தெரிந்தது?

நான் கல்யாண வீடியோவுக்கு ஒலி எடுக்கிறவன். ஆயா பாட்டை எடுக்க எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் குரல் எதிரொலிக்கும். வளவின் நடுவில் உட்கார வைக்காதீர்கள். ஓர அறையில், கீழே ஜமக்காளமும் சுவரோரம் மெத்தையும் போட்டு உட்கார வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், குளிர்ப்பெட்டியையும்தான். வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில் மைக். "பாடுங்கள் ஆயா" என்று சொன்னால் வராது. கையில் ஒரு குழந்தையைக் கொடுங்கள், இல்லையென்றால் காலித் தொட்டிலையாவது ஆட்டச் சொல்லுங்கள், பாட்டு தானாக வரும். முதலில் அவர் பெயர், ஊர், யாரிடம் கேட்டுப் படித்தது, தேதி எல்லாவற்றையும் அவர் குரலிலேயே பதியுங்கள். பதிவு செய்யவும் மற்றவர்களுக்குக் கொடுக்கவும் சம்மதம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். சுருக்காத கோப்பாகச் சேமித்து மூன்று இடத்தில் வையுங்கள்.

கருவி என்னிடம் இருக்கிறது. பணம் வேண்டாம்.

பள்ளத்தூர் வீணை | ஞாயிறு, காலை 9.15

அருவமான பண்பாட்டு மரபைக் காப்பதற்கு மத்திய கலாசார அமைச்சகம் 2013-ல் ஒரு திட்டம் கொண்டு வந்தது, அதைச் செயல்படுத்தும் பொறுப்பு சங்கீத நாடக அகாதெமிக்கு. வாய்மொழி மரபும் அதில் அடக்கம், தாலாட்டு அதற்குள்தான் வரும். அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும் என்றால் கையில் முதலில் நான்கைந்து நல்ல பதிவும் எழுத்துப் படியும் இருக்க வேண்டும். எழுத்து வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். மெட்டுக்கு ஸ்வரம் எழுதவும் முயற்சி செய்கிறேன், வாத்தியார் ஐயா திருத்தித் தருவார்களா?

புதுவயல் ஆர்மோனியம் | ஞாயிறு, பகல் 1.40

பதிவு செய்யுங்கள், நல்ல காரியம். நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் பெட்டிக்குள் பாட்டு பத்திரமாக இருக்கும்போது, பாடுகிறவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்கிற ஆள் வேண்டும். எங்கள் குழுவில் பெண் வேஷம் கட்டி ஆடிய ஒருவருக்கு 68 வயது. தை முதல் ஆனி வரைதான் நாடகம். மற்ற மாதம் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறார். அவர் பாடுகிற விருத்தத்தைக் கேட்டால் அந்த ஓட்டல்காரர் அவரைப் பாத்திரம் தொட விடமாட்டார்.

தேவகோட்டை வாத்தியார் | ஞாயிறு, மாலை 5.20

தம்பி, அவருக்கு இன்றே ஏற்பாடு செய்யலாம். 60 வயது தாண்டி வருமானம் இல்லாத கலைஞர்களுக்கு மத்திய கலாசார அமைச்சகம் மாத உதவி தருகிறது. மாநிலத்தில் மன்றத்தின் உதவி இருக்கிறது. எதற்குத் தகுதி வருகிறது என்று பார்த்து எழுதுவோம். எனக்கு இந்தப் படிவங்கள் பழக்கம். அவரைக் கூட்டிக்கொண்டு தேவகோட்டைக்கு வாருங்கள். ஆதார், வயதுச் சான்று, வருமானச் சான்று, அவர் பெயர் அச்சாகியிருக்கிற நோட்டீஸ் எது கிடைத்தாலும் எடுத்து வாருங்கள். நீங்கள் முன்பு தேடி எடுத்த இருபது வருஷத்து நோட்டீசுகள் வீணாகவில்லை, அதுவேதான் இப்போது அவருக்குச் சான்று.

இன்னொன்று. 75 வயதைத் தாண்டியும் தேசிய விருது எதுவும் கிடைக்காமல் இருந்த எண்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களைத் தேடி, 2023 செப்டம்பரில் அகாதெமி அம்ரித் விருது என்று கொடுத்தது. அப்படித் தேடும்போது நம் பக்கத்து ஆளைப் பற்றி எழுதிய ஒரு காகிதமாவது எங்கேயாவது இருக்க வேண்டாமா? உங்கள் குழுவில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் எழுதி வைப்போம். எங்கே பிறந்தார், யாரிடம் படித்தார், என்னென்ன வேஷம், எந்தெந்த ஊர் மேடை. நான் எழுதுகிறேன், நீங்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்ப் பெண்ணுக்கு: ஸ்வரம் எழுதும்போது ராகப் பெயரை முதலில் போடாதே அம்மா. ஆயா பாடியது எப்படி இருக்கிறதோ அப்படியே எழுது. தாலாட்டு நீலாம்பரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக் கேட்டால் காது ஏமாற்றிவிடும்.

புதுவயல் ஆர்மோனியம் | ஞாயிறு, இரவு 9.00

புதன்கிழமை காலை அவரை அழைத்து வருகிறேன் ஐயா.

கண்டனூர் நாயனம் | அடுத்த சனி, இரவு 8.35

ஒரு வாரமாக வாசிப்பு இருந்தது, இப்போதுதான் எல்லாம் படித்து முடித்தேன். அத்தனை பேருக்கும் கும்பிடு.

திங்கள்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு சிவகங்கை போனேன். இசைப்பள்ளியில் அந்தத் தவில் தம்பியைப் பார்த்தோம். சொன்னபடி வாசித்தார். ஆதி தாளத்தில் ஒரு மல்லாரியை மகன் எடுத்தான், நடுவில் காலம் மாற்றும் இடத்தில் தவறவிட்டான், தம்பி நிறுத்தாமல் அப்படியே இழுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையேதான் பேசிக்கொண்டு வந்தான். கலை இளமணிக்குப் படிவம் வாங்கிவிட்டேன்.

உதவித்தொகைக்கான தாள்களைப் பள்ளத்தூர்த் தங்கை உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தது. பள்ளிச் சான்று வந்துவிட்டது. குரு என்கிற இடத்தில் என் அப்பா பெயர். அப்பா அந்தக் கட்டத்தில் தன் பெயரைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டு வந்து, பூஜை அறையில் இருந்த அவருடைய அப்பாவின் நாயனத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார். அறுபது வருஷமாக வாசிக்கிறார். குரு என்று அச்சடித்த ஒரு காகிதத்தில் அவர் பெயர் வருவது இதுதான் முதல் தடவை. வீட்டுக்காரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், வழக்கமாகக் கேட்கிற கேள்வியை அன்று கேட்கவில்லை.

வாத்தியார் ஐயா, ஒரு சந்தேகம். வருமானச் சான்றுக்கு வருஷ வருமானம் கேட்கிறார்கள். எங்களுக்கு ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றும் கிடையாது, வைகாசி, ஆவணியில் கொஞ்சம் கூடுதல். கோவில் படி அரிசியாக வருகிறது. இதை எப்படிக் கணக்கு எழுதுவது?

கோட்டையூர்த் தம்பி, அடுத்த வார ஞாயிறு ஆத்தங்குடிக்கு ஆயா பாட்டு எடுக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சுருதிப் பெட்டி வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன். மகனும் வர ஆசைப்படுகிறான். என் தங்கைக்கு ஏழு மாதப் பெண் குழந்தை இருக்கிறது. ஆயா மடியில் கொடுக்க அவளையும் தூக்கி வருகிறோம். காலை எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள், பாப்பா பத்து மணிக்குத் தூங்கிவிடும்.

ஆச்சி வீட்டுப் பேத்தி | அடுத்த சனி, இரவு 9.10

எட்டரைக்கு வந்துவிடுங்கள். நான் வெள்ளிக்கிழமையே வந்து சேர்ந்துவிடுவேன். மச்சில் இருக்கும் மரத்தொட்டிலை இறக்கித் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.